கால் சதை தேறின மாதிரி இதயத் தசையும் தேறுமா?

லேபர்கேம்ப் முத்து:

எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு 58 வயசு. தாராவி லேபர் கேம்ப்பில் வீடு. விடியறதுக்கு முன்னாடியே இட்லிப் பாத்திரத்தை சைக்கிள் கேரியரில் கட்டி, சட்னி சாம்பார் தூக்கை ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சியான், வடாலா பக்கம் அவருக்கு வாடிக்கை. போன மாதம் வியாபாரத்துக்கு நடுவிலேயே நெஞ்சு வலி வந்துவிட்டது. பக்கத்துக் கடைப் பையன்தான் டாக்ஸியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். இதயத்தின் முன்பக்க ரத்தக் குழாயில் அடைப்பு என்று அன்றைக்கே ஸ்டென்ட் (குழாயைத் திறந்து பிடிக்கிற சின்ன வலைக்கம்பி) வைத்தார்கள். இப்போது வீட்டில் இருக்கிறார்.

எக்கோ (இதய ஸ்கேன்) ரிப்போர்ட்டில் இதயத்தின் முன் சுவரின் அசைவு குறைவு, இ.எஃப். 40 சதவீதம் என்று இருக்கிறது. ஓ.பி.டி.யில் வரிசை வாசல் வரைக்கும் நின்றது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, மெதுவாக நடக்கச் சொன்னார். அதற்கு மேல் கேட்க நேரம் கிடைக்கவில்லை.

அப்பா தனியாக ஒரு கணக்கு வைத்திருக்கிறார். சில வருசத்துக்கு முன்னால் டெம்போ இடித்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தொடை வரைக்கும் மாவுக்கட்டு போட்டிருந்தார்கள். கட்டைப் பிரித்தபோது அந்தக் கால் மட்டும் வற்றிப்போய்க் கிடந்தது. அப்புறம் பயிற்சி, சைக்கிள் என்று விடாமல் செய்தார். இன்றைக்கு இரண்டு தொடையும் ஒரே கனம். "அதுவும் சதைதான், இதுவும் சதைதான். வேலை கொடுத்தா தேறும்" என்று சொல்லி, பாத்திரத்தைத் தூக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

எலும்புத்தசை, மென்தசை, இதயத்தசை என்று மூன்று வகை உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கிறது. ஆனால் ஒன்று தேறும், இன்னொன்று தேறாது என்றால் அது ஏன்? அப்பாவிடம் "டாக்டர் சொன்னார்" என்றால் எடுபடாது. காரணம் சொன்னால் கேட்பார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

ஸ்லைடு செல்வி:

தம்பி, நான் பெதாலஜி லேபில் திசு வெட்டி ஸ்லைடு போடுகிறவள். டாக்டர் இல்லை. மாத்திரை, நடை எல்லாம் உங்கள் டாக்டர் சொன்னபடிதான். ஆனால் தசை என்பது நான் தினமும் கையில் பிடிக்கிற பொருள், அதைப் பற்றிச் சொல்ல முடியும்.

முதலில் அப்பா கணக்குக்கு வருகிறேன். அன்றைக்குக் காலில் தசை நார் மெலிந்தது. இப்போது நெஞ்சில் நார் செத்திருக்கிறது. இரண்டும் வேறு வேறு. கட்டுக்குள் கிடந்த தொடைக்கு ரத்தம் போய்க்கொண்டேதான் இருந்தது, வேலைதான் இல்லை. வேலை இல்லாத நார் தன் உள்ளே இருக்கிற புரதத்தைக் குறைத்துக்கொண்டு இளைக்கும், ஆனால் உயிரோடு இருக்கும். மறுபடி வேலை கொடுத்தால் அதே நார் தடிக்கும். மாரடைப்பில் நிலைமை தலைகீழ். வேலை இருந்தது, ரத்தம் நின்றது.

இதை நீங்கள் கண்ணால் பார்த்தால் சுலபமாகப் புரியும். திசுத் துண்டை ஃபார்மலினில் ஊறவைத்து, பாரஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோட்டோம் என்ற சீவுகிற கருவியில் நாலைந்து மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குச் சீவுவோம். ஹீமடாக்ஸிலின், இயோசின் சாயம் ஏற்றினால் உட்கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும்.

தொடைத் தசையை நீளவாக்கில் வெட்டினால் நார்கள் கிளையே இல்லாமல் இணையாக ஓடும். ஒவ்வொரு நாரும் ஒரே செல்தான், ஆனால் சென்டிமீட்டர் கணக்கில் நீளம். பல செல்கள் ஒன்றாகச் சேர்ந்து உருவானதால் ஒரு நாருக்குள் நூற்றுக்கணக்கில் உட்கரு இருக்கும், எல்லாம் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும். குறுக்கே வரிவரியாகக் கோடு தெரியும். அந்த வரிக்குக் காரணம் ஆக்டின் என்ற மெல்லிய இழையும் மயோசின் என்ற தடித்த இழையும் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிற ஒழுங்கு. அந்த ஒரு அடுக்கின் பெயர் சார்கோமியர், நீளம் இரண்டு மைக்ரானுக்குச் சற்று மேல். தசை சுருங்கும்போது இந்த இழைகள் குட்டையாவதில்லை, ஒன்றுக்குள் ஒன்று வழுக்கி நுழைகின்றன. 1954-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்து 'நேச்சர்' இதழின் ஒரே வெளியீட்டில் எழுதின. இரண்டிலும் ஒரு ஹக்ஸ்லி இருந்தார், ஆண்ட்ரூ ஒருவர், ஹ்யூ ஒருவர். சொந்தக்காரர்கள் இல்லை.

இனிதான் முக்கியமான இடம். அந்த நாரின் மேலுறையை ஒட்டி சின்னச் சின்ன செல்கள் ஒண்டிக்கொண்டிருக்கும். 1961-இல் அலெக்சாண்டர் மௌரோ எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்து சாட்டிலைட் செல் என்று பெயர் வைத்தார். சும்மா கிடக்கிற நாளில் அவை தூங்கும். நார் அடிபட்டால் விழித்துப் பெருகி, பழைய நாரோடு சேரும் அல்லது புது நாரே உண்டாக்கும். அதனால் காலில் நிஜமாகவே கொஞ்சம் நார் செத்திருந்தாலும் ஈடுகட்ட ஆள் உண்டு.

இதயத் தசையிலும் அதே வரி, அதே ஆக்டின், மயோசின். ஆனால் படம் முழுக்க வேறு. செல்கள் குட்டை, ஏறத்தாழ 100 மைக்ரான் நீளம். நுனியில் கிளைவிட்டு அடுத்த செல்லோடு கோத்துக்கொள்ளும். உட்கரு ஒன்று, சிலதில் இரண்டு, அதுவும் நட்டநடுவில். செல்லும் செல்லும் சேருகிற இடத்தில் கருத்த குறுக்குக் கோடு தெரியும், அதுதான் இடைத்தட்டு. எனக்கு மிகவும் பிடித்த கோடு அது. அதில் இரண்டு ஏற்பாடு இருக்கிறது. ஒன்று, இழுவையில் செல்கள் பிய்ந்துவிடாமல் பிடிக்கிற பூட்டு. இன்னொன்று, மின்சாரம் ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நேரே பாய்கிற வழி. காலில் ஒவ்வொரு நாருக்கும் நரம்பு வந்து ஆணை கொடுக்க வேண்டும். இதயத்தில் சைனஸ் முனை என்ற தாளம் போடுகிற இடம் கிளப்புகிற ஒரு துடிப்பு செல்லுக்குச் செல் தாவி எல்லாரையும் சேர்த்துச் சுருக்கும்.

இந்த இதயச் செல்லுக்குப் பக்கத்தில் வேலைக்கு ஆகிற அளவில் சாட்டிலைட் செல் கிடையாது. வளர்ந்த இதயச் செல்லும் அநேகமாகப் பிரிந்து பெருகுவதில்லை. அதனால் செத்த இடத்துக்கு யார் வருவார்கள் என்றால், காயம் ஆற்றுகிற கூட்டம்தான். முதல் ஓரிரு நாளில் வரி மங்கி, உட்கரு காணாமல் போய், வெள்ளை அணுக்கள் நுழையும். வாரக் கடைசிக்குள் செத்ததைத் தின்று துடைக்கிற செல்கள் வந்துவிடும். அந்த நாட்களில்தான் சுவர் ரொம்ப இளக்கமாக இருக்கும். பிறகு புது ரத்தக் குழாயும் கொலாஜன் என்ற நார்ப் புரதமும் வளரும், இரண்டு மாத அளவில் கெட்டித் தழும்பாகிவிடும். மேசன் டிரைக்ரோம் என்று ஒரு சாயம் உண்டு. அதில் தசை சிவப்பு, கொலாஜன் நீலம். பழைய மாரடைப்பு வந்த இதயத்தை அதில் பார்த்தால் சிவப்புக்கு நடுவே நீலம் வாரியடித்திருக்கும். கிழிந்த புடவைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி, ஓட்டை அடைபட்டிருக்கும், ஆனால் அந்த இடம் சுருங்கி விரியாது.

ஆனால் அப்பாவுக்கு ஒரு நல்ல சேதியும் உண்டு. எக்கோவில் அசையாத இடம் எல்லாமே செத்த இடம் இல்லை. ரத்தம் தடைபட்டுத் திரும்பி வந்த தசையில் ஒரு பகுதி உயிரோடு இருந்தும் மரத்துப்போய் அசையாமல் கிடக்கும். நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ அது மறுபடி வேலைக்கு வரும். அதனால்தான் சில வாரம், மாதம் கழித்து மறுபடி எக்கோ எடுக்கச் சொல்வார்கள். அன்றைக்கே ஸ்டென்ட் வைத்தது பெரிய விசயம். அடைபட்ட இருபது முப்பது நிமிசத்தில் உள்பக்க அடுக்கில் சாவு தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்பக்கமாகப் பரவும். எவ்வளவு சீக்கிரம் திறந்தார்களோ அவ்வளவு தசை மிச்சம்.

இன்னொன்று, இ.எஃப். 40 என்றால் 60 சதவீதம் செத்துப்போச்சு என்று அர்த்தம் இல்லை. இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எவ்வளவு வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு அது. நல்ல இதயமும் 100 தள்ளாது, 55-இலிருந்து 70 வரைதான்.

—

செம்பூர் பிசியோ:

செல்வி அக்கா சொன்னதற்கு மேல் காலைப் பற்றி மட்டும் சொல்கிறேன், என் வேலை அதுதான்.

"இதயம் தேறாதென்றால் ஏன் நடக்கச் சொல்கிறார்கள்" என்று அப்பா அடுத்துக் கேட்பார். நடைப் பயிற்சியின் பலனில் பெரும்பங்கு காலில்தான் நடக்கிறது. சும்மா இருக்கும்போது தொடைத் தசை தன்னிடம் வருகிற ரத்தத்தின் பிராணவாயுவில் கால்வாசி அளவே எடுத்துக்கொள்ளும். பழகின காலில் நுண்ணிய ரத்தக் குழாய்களும், செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கிற மைட்டோகாண்ட்ரியாவும் பெருகி, அதே ரத்தத்திலிருந்து கூடுதலாக எடுக்கும். அப்போது ஒரே தூரம் நடக்க இதயம் குறைவாகத் துடித்தால் போதும். இதயத் தசையோ ஓய்விலேயே முக்கால்வாசிப் பிராணவாயுவை உறிஞ்சிவிடுகிறது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் கூடுதல் ரத்தம்தான் வர வேண்டும். ஆகவே காலைத் தேற்றுவது இதயத்துக்கு நேரடி உதவி. அப்பாவின் கால் தேறிய அனுபவம் வீண் போகாது என்று இந்த விதத்தில் சொல்லுங்கள்.

பாத்திரம் தூக்குவது வேறு. கனத்தை மூச்சடக்கித் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும், இதயம் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் தள்ள வேண்டும். புதிதாக ஆறிக்கொண்டிருக்கிற சுவருக்கு அது கூடாது. எப்போது தூக்கலாம், எத்தனை கிலோ என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். அதுவரை சமதளத்தில் நடக்கட்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் மஹாராஷ்டிரா நேச்சர் பார்க் இருக்கிறதே, ரோட்டு நெரிசலை விட அது நல்லது. பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும். பேச்சு திணறினால் வேகம் அதிகம். சியான் ஸ்டேஷன் படிக்கட்டை இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள்.

—

மாட்டுங்கா வாத்தியார்:

கல்லூரியில் விலங்கியல் நடத்தி ஓய்வு பெற்றவன். இதயச் செல் பெருகவே பெருகாது என்றுதான் நாங்கள் பல்லாண்டுகள் பாடம் சொன்னோம். 2009-இல் ஸ்வீடனின் ஃப்ரீசென் குழு அதை அளந்து பார்த்தது. அவர்கள் அளந்த விதம் அழகானது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் எகிறியது, சோதனைகள் நின்றபின் படிப்படியாகக் குறைந்தது. அது உணவு வழியாக எல்லார் உடம்பிலும் புகுந்தது. ஒரு செல் பிறக்கும்போது காற்றில் எவ்வளவு இருந்ததோ அந்த அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். அதை அளந்தால் செல்லின் வயது தெரிந்துவிடும். 25 வயதில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீத இதயச் செல்கள் புதிதாக வருகின்றன, 75 வயதில் அது 0.45 சதவீதமாகக் குறைகிறது என்று கணக்கிட்டார்கள். வாழ்நாள் முழுதும் சேர்த்தாலும் பாதிக்கும் மேல் நாம் பிறந்தபோது கூட வந்த செல்கள். மாரடைப்பு கொண்டுபோனதை ஈடுகட்ட இந்த வேகம் போதாது, ஆனால் பூஜ்யமும் இல்லை.

வரிக்குதிரை மீன் என்ற சிறு மீனின் இதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்தாலும் இரண்டு மாதத்தில் தழும்பில்லாமல் வளர்த்துக்கொள்கிறது. 2002-இல் வெளிவந்த செய்தி. பிறந்து ஒரு நாளான சுண்டெலிக் குட்டிக்கும் அந்தத் திறன் உண்டு, ஒரு வாரத்தில் போய்விடுகிறது. இது 2011-இல் தெரிந்தது. பாலூட்டியின் இதயம் இந்த வித்தையை அறியாததன்று, பிறந்த சில நாளில் கைவிடுகிறது. ஏன் கைவிடுகிறது என்ற கேள்வியில் உலகம் முழுதும் ஆய்வு நடக்கிறது. உங்கள் தலைமுறை அதன் விடையைப் பார்க்கும் என்று மனதார நம்புகிறேன்.

இதயம் ஏன் களைப்பதில்லை என்பதையும் அப்பாவுக்குச் சொல்லுங்கள், உழைப்பாளிக்கு அது பிடிக்கும். செல்லின் பருமனில் மூன்றில் ஒரு பங்கு மைட்டோகாண்ட்ரியாவே. மேலும், தொடைத் தசை அடுத்தடுத்து ஆணை வந்தால் தளராமல் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இதயச் செல் ஒருமுறை தூண்டப்பட்டால் ஏறத்தாழ கால் நொடி நேரத்துக்கு அடுத்த ஆணையை ஏற்காது. அந்த மறுப்பு இருப்பதால்தான் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு தளர்ந்து, ரத்தம் நிரம்ப இடம் கொடுக்கிறது. ஒரு நாளைக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் துடிப்பு.

—

லேபர்கேம்ப் முத்து:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி அப்பா பக்கத்தில் உட்கார்ந்து முழுசும் வாசித்துக் காட்டினேன். "மெலிஞ்சது வேற, செத்தது வேற" என்ற இடத்தில் நிறுத்தி, மறுபடி படிக்கச் சொன்னார். பாத்திரத்தை இப்போதைக்குச் சித்தப்பா எடுத்துக்கொண்டு போகிறார்.

செல்வி அக்கா, இரண்டு கேள்வி. கேஷுவாலிட்டியில் ஒருமுறை ரத்தம் எடுத்துவிட்டு, சில மணி நேரம் கழித்து அதே டெஸ்டுக்கு மறுபடி எடுத்தார்கள். டிரோபோனின் என்று சீட்டில் இருக்கிறது. அது என்ன? இன்னொன்று, மூன்றாவது வகை மென்தசையைப் பற்றி யாரும் பேசவில்லையே, அப்பா விசயத்தில் அதற்கு வேலை இல்லையா?

—

ஸ்லைடு செல்வி:

அப்பா கேட்டுக்கொண்டது ரொம்ப சந்தோசம் தம்பி.

டிரோபோனின் தசைக்குள்ளேயே இருக்கிற புரதம். 1960-களில் ஜப்பானின் எபாஷி கண்டுபிடித்தது. ஆக்டின் இழை மேல் உட்கார்ந்திருக்கும். செல்லுக்குள் கால்சியம் பெருகும்போது அதைப் பிடித்துக்கொண்டு சற்று வடிவம் மாறும், அப்போதுதான் மயோசினுக்கு ஆக்டினைப் பிடித்து இழுக்க வழி திறக்கும். கால் தசையிலும் உண்டு, ஆனால் இதயத்தில் இருக்கிற ஐ, டி வகைகள் அதிலிருந்து வேறுபட்டவை. செல் செத்து உறை கிழிந்தால் ரத்தத்தில் கசியும். இரண்டு முறை எடுத்தது அளவு ஏறுகிறதா என்று பார்க்க. ஏறினால் இப்போது நடந்துகொண்டிருக்கிற சேதம் என்று அர்த்தம்.

மென்தசைக்கு வேலை இல்லையா என்றால், அப்பா கதையே அங்கேதான் ஆரம்பம். அந்தத் தசையில் வரி கிடையாது. நடு பருத்து, இரண்டு பக்கமும் கூர்ந்த சின்னச் செல், நடுவில் ஒரே உட்கரு. ஆக்டினும் மயோசினும் இருக்கும், ஆனால் அடுக்காக இல்லாமல் குறுக்கும் நெடுக்குமாகப் போவதால் கோடு தெரியாது. மெதுவாகச் சுருங்கும், சுருங்கிய நிலையிலேயே குறைந்த செலவில் மணிக்கணக்கில் நிற்கும். குடல், மூத்திரப்பை, கர்ப்பப்பை, கண்ணின் பாப்பாவைச் சுருக்கி விரிக்கிற தசை எல்லாம் அதுதான். பிள்ளை சுமக்கும்போது கர்ப்பப்பை 70 கிராமுக்குள்ளிருந்து ஒரு கிலோவுக்கு மேல் ஏறுவது இந்தச் செல்கள் நீண்டு தடிப்பதால்தான்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாயின் சுவரிலும் நடு அடுக்கு மென்தசை. இதயச் செல்லுக்கு இல்லாத ஒன்று இதற்கு உண்டு, வளர்ந்த பிறகும் பிரிந்து பெருகும். கொழுப்பு படிகிற இடத்துக்கு இந்தச் செல்கள் நடு அடுக்கிலிருந்து உள்ளே நகர்ந்து பெருகி, கொழுப்பின் மேல் நார் மூடி போடும். அந்த மூடி கிழிந்து, மேலே ரத்தம் உறைவதுதான் பெரும்பாலான மாரடைப்பு. ஸ்டென்ட் வைத்த இடத்திலும் இவை பெருகிக் குழாயை மறுபடி அடைக்கப் பார்க்கும். அதைத் தடுக்கத்தான் இப்போது பெரும்பாலும் வைக்கிற ஸ்டென்டில் சிரோலிமஸ் மாதிரி மருந்து பூசி வருகிறது.

ஆனால் அந்த மருந்து குழாயின் உள்தோல் மூடி ஆறுவதையும் தாமதப்படுத்தும். ஆறும் வரை உலோகக் கம்பி மேல் ரத்தம் உறையக்கூடும். அதற்காகத்தான் உறைவைத் தடுக்கிற இரண்டு மாத்திரை சேர்த்துக் கொடுத்திருப்பார்கள். உடம்பு நன்றாக இருக்கிறது என்று அப்பா அதை நிறுத்திவிடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் சரி, ஊருக்குப் போய் மாத்திரை தீர்ந்தாலும் சரி, இதய டாக்டரைக் கேட்காமல் ஒரு நாள்கூட விடவேண்டாம்.

நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை கொடுத்திருக்கிறார்களா? அதுவும் மென்தசைக்குத்தான். அது நைட்ரிக் ஆக்ஸைடாக மாறி குழாய்ச் சுவரைத் தளர்த்தும், ரத்த அழுத்தமும் சேர்ந்து இறங்கும். அதனால் நின்றுகொண்டு வைக்காமல் உட்கார்ந்து வைக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிசத்தில் வலி போகவில்லை என்றால் டாக்ஸி தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.